தேடலில் சேர்க்காத சொல்

கோயம்புத்தூர்,
8 ஜனவரி 2024

அன்புள்ள சூடாமணி அக்கா,

நீங்கள் என் நாத்தனார் என்ற உரிமையில் அல்ல, மெடிக்கல் காலேஜ் லைப்ரரியன் என்பதால் எழுதுகிறேன். குறைமாதக் குழந்தைகளுக்குப் போடும் அந்த ஊசியைப் பற்றி இதுவரை நடந்த ஆய்வுகள் எல்லாவற்றையும் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் சேர்ந்து திரட்டி மதிப்பிடப் போகிறோம். ஆய்வுகளைத் தேடித் தருவது உங்கள் பொறுப்பு.

பிரசவத்தில் நான் நினைவில்லாமல் கிடந்தபோது, பயந்துபோய் அந்த ஊசி வேண்டாம் என்றார் உங்கள் தம்பி மஹேஷ். குழந்தை போய்விட்டது. ஊசி ஆபத்தானதுதான் என்று தெரிந்தால் அவர் மனசு ஆறும். தேடலில் ‘மரணம்’ என்ற சொல்லையும் சேருங்கள்.

மாளவிகா

கரமனை,
15 ஜனவரி

மாளவிகாவுக்கு ஆசீர்வாதம்.

மருந்தின் பழைய பெயர்கள்கூட விடாமல் சேர்த்துவிட்டேன். ‘மரணம்’ மட்டும் சேர்க்க மாட்டேன். அப்படித் தேடினால் சாவைப் பேசும் கட்டுரைகள்தான் வந்து விழும். பிழைத்த குழந்தைகள் வெளியே நின்றுவிடுவார்கள்.

வீட்டில் சமைக்கிறாயா, இல்லை ஆஸ்பத்திரி கேன்டீன்தானா?

சூடாமணி

கோயம்புத்தூர்,
17 ஜனவரி

அக்கா,

ஒரே ஒரு சொல்தானே. நேற்றுச் சோற்றைப் பிசைந்துகொண்டே, ‘நான் ஒத்துண்டிருந்தா இருந்திருப்பானோ?’ என்றார் மஹேஷ். நான் என்ன பதில் சொல்வது? உங்களால் முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன்.

மாளவிகா

கரமனை,
20 பிப்ரவரி

மாளவிகா,

வேறு ஆளைத் தேடாதே. எல்லாவற்றையும் உன் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அச்சில் வராத ஆய்வுகளையும் எழுதிக் கேட்டு வாங்கினேன்.

அனுப்பும் முன் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். கையில் தேங்காயோடு நின்றேன். என் தம்பி மேல் தப்பில்லை என்று ஆகட்டும் என்று வேண்டுவதா, அந்த மருந்து குழந்தைகளைக் காப்பாற்றட்டும் என்று வேண்டுவதா? இரண்டும் சேர்ந்து நடக்காது. உடைக்காமலே திரும்பிவிட்டேன்.

சூடாமணி

கோயம்புத்தூர்,
2 செப்டம்பர்

அக்கா,

நானும் உடன் வேலை செய்யும் டாக்டர் விஷ்ணுப்ரியாவும் தனித்தனியாகப் படித்தோம். முடிவு ஒன்றுதான். ஊசி போட்ட குழந்தைகளே அதிகம் பிழைத்திருக்கின்றன.

மஹேஷிடம் மறைக்கவில்லை. ‘பயப்படற அப்பா அம்மாகிட்ட இனிமே இதைக் காட்டுவேளா?’ என்று கேட்டார். காட்டுவோம் என்றேன். உங்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

உங்கள் மேல் கோபம் தீரவில்லை. கட்டுரையில் என் பெயருக்கு அடுத்து உங்கள் பெயர் வரும்.

மாளவிகா

கரமனை,
4 செப்டம்பர்

மாளவிகா,

வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ‘எல்லாம் தேடினயோ அக்கா? சத்தியமாயிட்டு ஒண்ணும் விட்டுப் போகலையே?’ என்றான்.

‘ஒண்ணும் விடலைடா.’

அப்புறம்தான் உள்ளே வந்தான். குழந்தைக்கு வைக்க நினைத்திருந்த பெயரைச் சொல்லி அழுதான். அவன் அழுது இன்றுதான் பார்க்கிறேன்.

என் மேல் கோபம் இருக்கட்டும். அதோடேயே பஸ் ஏறி வா. அவனோடு சேர்ந்து அழ நான் மட்டும் போதாது.

சூடாமணி