சாப்பிட்டியாப்பா?

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அம்மா எழுதுகிறார்.

எங்கள் வக்கீல் கம்பெனியில் எல்லாரும் சந்தோஷமாக வேலைபார்க்க என்ன செய்யலாமென்று சீட்டு கொடுத்துக் கேட்டார்கள். எனக்கேது எழுத்து? முதலாளியிடம் நேரிலேயே சொன்னேன்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி, நான் ஃபைல் கொண்டுபோறப்பல்லாம் உங்கப்பா 'சாப்பிட்டியாப்பா?'ன்னு கேப்பாருங்க. இப்ப யாரும் கேக்கறதில்ல."

முதலாளி உத்தரவு போட்டுவிட்டார்; மறுநாளிலிருந்து நானூறு பேரும் என்னைக் கேட்கிறார்கள். லிஃப்டில்கூட விடுவதில்லை. பதில் சொல்லியே பசியெடுக்கிறது!

என் கம்பளிச் சட்டைக்குப் பொத்தான் தைத்து அனுப்பு. டைப்பிஸ்ட் அம்மா கிளம்பவேண்டுமாம்.

ஒன்று மட்டும். "சாப்பிட்டேன்" என்றால் இங்கே எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். "பொய் சொல்லாம உக்காருங்க" என்று தட்டு வைக்கத்தான் ஆளில்லை.

பெரியவனின் அப்பா