ஃபைஹா போட்ட டீ

இர்விங்
12.11.2006

அன்பு மகன் ஜுஹைருக்கு உம்மா பத்ருன்னிசா சொல்லச் சொல்ல உன் தங்கை ஹஃப்சா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் நானும் வாப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், டப்ளினில் நீயும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன். போன் செய்தால் மீட்டிங்ல இருக்கேன் உம்மா என்று வைத்துவிடுகிறாய், மூணு வாரமா ஒரே மீட்டிங்கா என்று வாப்பா கேட்கிறார், எனக்குத் தெரியும் உனக்குக் கோபம் என்று, அதனால்தான் இந்தக் கடிதம்.

பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் ஃபைஹாவை உனக்குப் பெண் பார்க்கப் போன அன்று நடந்ததை அவள் வீட்டார் சொல்லிக் கேட்டிருப்பாய், என் வாயாலும் கேள். இந்த வெளிநாட்டு ஊர்ப் பழக்கம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆளுக்கொரு சொம்பு அளவு காபியைக் காரில் வைத்துக்கொண்டு தனியாகக் குடித்துக்கொண்டே போகிறார்கள், ஒரு வீட்டுக்குப் போனால் டீ வேண்டுமா என்று ஒரே தடவைதான் கேட்கிறார்கள், கூச்சத்தில் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுகிறார்கள், எத்தனையோ நாள் நாக்கு வறண்டு திரும்பியிருக்கிறேன். ஃபைஹா அப்படிச் செய்யவில்லை. இங்கேயே பிறந்த பிள்ளை, இஞ்சி தட்டி, பாலைக் கொதிக்கவிட்டு நம் மாதிரியே டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நானும் வாப்பாவும் ஹஃப்சாவும் தொடவில்லை. இரண்டு பக்கமும் சம்மதம் சொல்லும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டோம், நம் ஊர் கீழக்கரையில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டு அடுத்த வெள்ளிக்கிழமை சரி சொல்லிவிட்டு வயிறு நிறையக் குடிக்கலாம் என்றிருந்தேன். பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. மறுநாள் அவள் உம்மா போன் செய்து, நான் போட்ட டீயவே தொடாதவங்க என்னைய எப்படி ஏத்துப்பாங்கன்னு அழுவுறா, இந்தப் பேச்சு வேணாங்க என்றார். அவர்கள் சென்னைக்காரர்கள், இப்படி ஒரு வழக்கம் கேள்விப்பட்டதே இல்லையாம். விளக்கம் சொன்னேன், சொல்லச் சொல்ல எனக்கே அது சாக்குப் போலத்தான் பட்டது.

அவள் வேண்டாம் என்றால் நாம் என்ன செய்ய முடியும். ஆனால் பிடிக்காமல்தான் தொடவில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது மகனே, நீ அவளிடம் பேசு. வெறும் வயிற்றில் பாலில்லாத காபியைக் குடித்துவிட்டு ஓடாதே. குளிருக்குத் தொப்பி போட்டுக்கொள். ரப்பு உன் மனதை லேசாக்கி, நல்ல வாழ்க்கையைத் தரட்டும், ஆமீன்.

இப்படிக்கு,
உன் உம்மா
பத்ருன்னிசா

காக்கா, இதை உம்மா சொல்லவில்லை, உங்கள் தங்கை நானே எழுதுகிறேன். அன்று ஃபைஹா கப்புகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனபோது நானும் பின்னால் போனேன். உங்க மம்மி என்னை லைக் பண்ணலையா என்று கேட்டாள். அப்படி இல்லை, இது எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்ல எனக்குத் தெரியும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான், அவள் முன்னால் வாய் திறக்க வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஓகே என்று மட்டும் சொல்லிவிட்டு எல்லா டீயையும் சிங்க்கில் கொட்டினாள். உம்மாவோடு பேசுங்கள் காக்கா. பேசாமல் இருப்பதென்றால் என்னோடு இருங்கள்.

ஹஃப்சா