வாப்பாவின் சைக்கிளில் உன் ஏழு பங்கு

கல்முனைக்குடி
1982 பெப்ரவரி 14

அன்பு மகன் ஜவுபருக்கு உம்மாவின் ஸலாம்.

வாப்பாவின் சைக்கிளை நான் உன் சாச்சாவிடம் கொடுக்கவில்லை. மேல்கம்பியை வெட்டி எடுத்து, ஏறி இறங்கத் தோதாகக் கீழே ஒரு கம்பி ஒட்டுவித்து, கிளிப்பச்சை பெயின்ட் அடித்து, பின்னால் துணிப்பெட்டியும் பூட்டி ஓடிக்கொண்டிருக்கிறேன். ஊரிலிருந்து வேறு யாரும் எழுதி நீ அறியமுன் நானே சொல்லிவிட்டேன், இனிச் சுகம் விசாரிக்கலாம். அல்லாஹ்வின் உதவியால் இங்கே நான் சுகம், முழங்காலில் மட்டும் ஒரு காயம், அதுவும் காய்ந்து வருகிறது. றியாத்தில் இப்போது குளிர் என்று எழுதியிருந்தாய், நெஞ்சில் சளி கட்டாமல் அவன் உன்னைக் காக்க ஐந்து வக்துத் தொழுகையிலும் கேட்கிறேன்.

வாப்பா மௌத்தாகி நாலு மாதம் பத்து நாள் நான் இத்தா இருந்ததை நீ அறிவாய். வெள்ளை உடுத்து, வாசல் தாண்டாமல், அந்நிய ஆண் முகம் பார்க்காமல் இருந்தேன். நாற்பதாம் கத்தம் முடிந்ததும் ஆறுதல் சொல்ல வந்த பெண்களும் குறைந்துவிட்டார்கள், அதோடு மாரி மழையும் பிடித்துக்கொண்டது. உள்ளே மருதமுனைக் கைத்தறிச் சாரனும் சேலையும் எழுபது உருப்படி மடிப்புக் குலையாமல் கிடக்கிறது, வெளியே தாழ்வாரத்தில் அந்த றலி சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கிறது. மாசியில் அறுவடை. நெல் வீட்டுக்கு வந்தால்தான் நற்பிட்டிமுனையிலும் சொறிக்கல்முனையிலும் பெண்கள் துணி எடுப்பார்கள், அந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டால் பிறகு ஆவணி வரைக்கும் வாய் பார்த்திருக்க வேண்டியதுதான், அதற்குள் கொழும்பு நைலோன்காரன் என் வாடிக்கை வீடுகளைப் பிடித்துவிடுவான். இத்தனை வருடமும் வாப்பா சைக்கிள் மிதித்தார், சாமான் தெரிந்ததும் விலை சொன்னதும் யார் வீட்டில் எப்போது கலியாணம் என்று அறிந்து வைத்திருந்ததும் நான். மிதித்த ஆளை அல்லாஹ் எடுத்துக்கொண்டான், ஆகவே மிதிக்கவும் நான்தான் என்று முடிவெடுத்தேன். உம்மா அழவில்லை என்று நினைக்காதே மகன், அழுதுகொண்டும் சைக்கிள் றிம் தேய்க்கலாம்.

இத்தாவுக்குள் கடைக்கும் போக முடியாது, சைக்கிள் திருத்துகிற ஆளை உள்ளே கூப்பிடவும் முடியாது. சந்தியில் திருத்தும் வில்பிரட்டுக்குச் சொல்லியனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் குடையோடு நிற்பான், இந்தப் பக்கம் நான் குந்தியிருந்து அவன் சொல்லச் சொல்லக் கழற்றுவேன். வாப்பாவின் ராத்தா, உன் மாமி சல்மா உம்மா, எனக்குக் காவலாக வந்திருந்தவள் அவள், முதல் நாளே சத்தம் போட்டாள். "இத்தாவில இரிக்கிற பொம்புள வேலியால ஆம்புளயோட சைக்கிள் கதைக்கிறதா? எந்தக் கிதாபுலகா இரிக்கி?" என்றாள். பள்ளிவாசல் லெப்பையிடம் ஆள் அனுப்பிக் கேட்டோம். தேவைக்குத் திரைக்குப் பின்னால் நின்று கதைக்கலாம், சிரித்துக் கதைக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். அடுத்த கிழமை இடப்பக்கப் பெடல் கழற்ற வந்தது. இரண்டு நாள் முக்கி முறித்துப் பார்த்தேன், அசையவில்லை. வில்பிரட் வந்து கேட்டுவிட்டு, "ராத்தா, இடது பெடல் மத்தப் பக்கம் சுத்தோணும், நீங்க ரெண்டு நாளா இறுக்கியிருக்கிறீங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறான். மாமி வேலியோரம் போய், "சிரிக்க வேணாமெண்டது இவக்கிப் போட்ட சட்டம், ஒனக்கென்ன தம்பி, நல்லாச் சிரி" என்றாள். அன்றிலிருந்து ஸ்பானரை எடுத்துத் தருவதும் அவள்தான்.

தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம், குண்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கிறீஸ் போட்டோம். சில்லு நெளிவு எடுக்க வில்பிரட் சொன்ன வழி கேள், றிம்முக்குப் பக்கத்தில் ஒரு சோக்குக்கட்டியை அசையாமல் பிடித்துச் சில்லைச் சுற்ற வேண்டும், எங்கே நெளிவோ அங்கே சோக்கு தொட்டுக் கோடு விழும், அந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துக் கம்பியை இறுக்க வேண்டும். அவன் வேலிக்கு வெளியே நின்று அந்த 'டிக்' சத்தத்தைக் காதால் கேட்டே, இன்னும் அரைச் சுற்று, இன்னும் கால் சுற்று என்று சொல்வான். வெள்ளைப் புடவை முழுக்கக் கறுப்பு. பெட்டியைத் தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்வித்தேன். பச்சை எதற்கென்று கேட்பாய், வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்ணுக்கும் சுபைறாவின் சைக்கிள் வருகிறது என்று தெரிய வேண்டும்.

இந்த நேரத்தில்தான் வாப்பாவின் தம்பி, உன் சாச்சா முகைதீன்பாவா, நீ எழுதிய கடிதத்தோடு வந்து படலையில் நின்றார். "மச்சி, ஜவுபர் எழுதியிரிக்கான், சைக்கிள என்ட கையில தரட்டாம். மாசா மாசம் புள்ள அனுப்புவான், இனி ஒங்களுக்கு என்னத்துக்கு யாவாரம்?" என்றார். ஓம், எடுத்துக்கொண்டு போங்க என்று உள்ளேயிருந்தே சொன்னேன். மாமி மூன்று ஓலைக் கடகத்தில் கம்பியும் நட்டும் சீட்டுமாக அள்ளிக்கொண்டு போய் முன்னால் வைத்தாள். உடம்புச் சட்டம் வெட்டி ஒட்ட வில்பிரட்டிடம் போயிருந்தது. அவர் பார்த்துவிட்டு, "இது சைக்கிளா, கருவாட்டுக் கடகமா?" என்று கத்தினார், போகும்போது பெல்லை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு போனார். எனக்கு பெல் தேவையில்லை, என் வாய் போதும்.

என் கையெல்லாம் கிறீஸ், அந்தக் கடிதத்தை மாமிதான் வாசித்துக் காட்டினாள். அந்த மேல்கம்பியில் இருந்துதான் பள்ளிக்குப் போனேன், அதை அப்படியே வைக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். என் இடுப்பிலும்தான் இருந்தாய், அதை அப்படியே வைக்கச் சொல்லி நீ ஒருவருக்கும் எழுதவில்லையே. யாவாரத்தை விடச் சொல்கிறாய். உன் வேலை ஒப்பந்தம் இரண்டு வருடம், என் வாடிக்கை இருபது வருடம். நீ அனுப்புவது உனக்கு வீடு வாசல் பார்க்கும்போது உதவட்டும். உம்மா சைக்கிள் ஓடுவது உனக்கு வெட்கமென்றால் அந்த வெட்கத்தை நீ அங்கேயே வைத்துக்கொள், எனக்கு அனுப்பாதே.

இத்தா கழிந்து பத்து நாள் வளவுக்குள் ஓடிப் பழகினேன், நாலு தரம் விழுந்தேன், தென்னையில் ஒரு தரம் மோதினேன். முதல் நாள் கடைத்தெருவில் தள்ளிக்கொண்டுதான் போனேன், அது பஸ்ஸுக்குப் பயந்து, மனிதருக்குப் பயந்தல்ல. நற்பிட்டிமுனை ரோட்டில் ஏறி மிதித்தேன். மதகில் இருந்தவர்கள் ஏதோ சொன்னார்கள், காற்று எதிர்ப்பக்கம், கேட்கவில்லை. சொறிக்கல்முனையில் என் வாடிக்கைக்காரி செல்லத்தங்கம் ஓடிவந்து, "உம்மா, இஞ்ச பாருங்கோ, நீங்களே ஓடி வாறீங்களா?" என்று வாய் பிளந்து நின்றாள், பிறகு மகளுக்கு இரண்டு சேலை எடுத்தாள்.

சாச்சா விடவில்லை, விஷயத்தை லெப்பையிடம் கொண்டுபோனார். வீடு வளவு என் உம்மா வாப்பா தந்த சீதனம், துணி என் தோட்டை விற்ற முதல், வாப்பா பேரில் மிஞ்சியது இந்தச் சைக்கிள் ஒன்றுதான். லெப்பை விரல் மடித்துச் சொன்னார், "எட்டுல ஒண்டு பொஞ்சாதிக்கி, மிச்சம் ஏழும் மகனுக்கு, தம்பிக்கி ஒண்டுமில்ல." சாச்சாவின் முகம் சுருங்கியது, நான் சந்தோசப்படப் போனேன், அதற்குள் அவர் என் பக்கம் திரும்பி, "சுபைறா, ஏழு பங்கு அடுத்தவன்ட சாமான நீ கேக்காம வெட்டியிரிக்காய்" என்றார். அது சரிதான் மகன். மற்றவர் துணியில் ஒரு விரல் அகலம் கூட நான் கூட்டி வெட்டியதில்லை. என் சாமான் என்று நினைத்துத்தான் வெட்டினேன். இந்தப் பிழையை ஒப்புக்கொள்கிறேன், பொறுத்து ஹலாலாக்கித் தா. மற்ற எதையும் நான் பிழை என்று சொல்ல மாட்டேன்.

மாமி உனக்கு ஸலாம் சொல்கிறாள். அறையில் கூட இருக்கிறவர்களுக்குக் கடன் கொடுக்காதே, தொழுகையை விடாதே, வெறும் பாணைத் தின்று வயிற்றைக் கெடுக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தையும் நேரான உழைப்பில் வரும் ரிஸ்க்கையும் தரட்டும்.

பழைய நிலையில் சைக்கிளுக்கு வில்பிரட் மதித்த விலை முந்நூற்று இருபது, லெப்பையும் சாச்சாவும் சாட்சி. உன் ஏழு பங்குக்கு இருநூற்று எண்பது ரூபா, அது லெப்பையின் கையில் இருக்கிறது. உன் பங்கை எனக்கு விற்க மனமில்லையென்றால் சைக்கிள் ரோட்டில் ஏறிய நாளிலிருந்து மாதம் ஏழு ரூபா வாடகை உன் பேரில் சேரும். இரண்டில் எது என்று எழுது. எதுவானாலும் ஓடுவது நான்தான்.

உன் உம்மா
அ. சுபைறா