மூன்றாம் அத்தியாயத்தில் கமலேஸ்வரியின் பொங்கல்

மகன் பஹ்மி,

நீ உன் உம்மாவைப் பொய்க்காரி என்று புத்தகத்தில் அச்சடித்துவிட்டாய். ஸலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும், சொல்கிறேன், அஸ்ஸலாமு அலைக்கும், நானும் வாப்பாவும் சுகம், கோழிகளும் சுகம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் சுகமாய் இருக்கத் துஆக் கேட்டேன், கோபத்தோடுதான் கேட்டேன்.

பக்கத்து வீட்டுக் கமலேஸ்வரியின் மகள் சுலோஜனாவுக்குக் கம்பஸில் உன்னுடைய ஒழுக்கவியல் புத்தகம்தான் பாடமாம். துறைமுகப் பட்டினமொன்றில் ஒரு பெண், அயலவள் தரும் அடிப்பிடித்த பொங்கலை முப்பது வருடமாகக் கோழிக்குப் போட்டுவிட்டு நல்ல ருசி என்று சொல்லி வருகிறாள், உண்மையைச் சொல்லும் கடமை அவளுக்கு உண்டா என்று மூன்றாம் அத்தியாயத்தில் கேட்டிருக்கிறாயாம். பெயரை மட்டும் போடவில்லை, பெரிய மரியாதை. சுலோஜனா அதைத் தாய்க்குத் தமிழில் சொல்லிவிட்டாள். இந்தத் தைப்பொங்கலுக்குக் கமலேஸ்வரி எங்கள் வாசலுக்கு வரவில்லை, பின்வேலியால் நேரே கோழிக்கூட்டுக்குப் போய்ச் சட்டியைக் கவிழ்த்தாள். உம்மட கோழியளுக்குத்தானே நஜ்மு, உமக்கேன் வீண் சிரமம் எண்டு நானே கொண்டு வந்தனான் என்றாள். வாப்பா குசினிக்குள் அடுப்படியில் நின்று சிரிக்கிறார்.

சிரிப்பு நோன்பு வரைக்கும்தான். முதல் நோன்பன்று கஞ்சி அனுப்பினேன். எங்களுக்குள் சாப்பாடு கொண்டுபோன ஏனம் வெறுமையாய்த் திரும்புவதில்லை, இரண்டு முருங்கைக்காயாவது இருக்கும். இந்த முறை கழுவித் துடைத்து வெறும் ஏனமாய் வந்தது. சண்டைக் காலத்தில் என்னோடு ஒரே பாயில் படுத்தவள், வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவள், அந்த நேரத்திலா பொங்கல் கருகியது என்று நான் சொல்லியிருக்க வேண்டும்? சண்டை முடிந்த பிறகும் சம்பூர்ச் சனத்தை வருடக்கணக்காக அவர்களின் சொந்தக் காணிக்கு வெளியே நிறுத்தி வைத்த அரசாங்கத்துக்கு என்ன கடமை என்று நீ ஒரு வரி எழுதவில்லை, என் கோழிக்கூட்டுக்குள் நுழைந்து ஒழுக்கம் தேடுகிறாய்.

ஒன்றை நீ எழுதாமல் விட்டுவிட்டாய். முதலில் கோழிக்குக் கொட்டியது நான் இல்லை, நீ. எட்டு வயது உனக்கு. கொட்டிவிட்டு அதே கையோடு வேலிக்குப் போய், மாமி இன்னும் கொஞ்சம் இருக்கா என்று கேட்டவனும் நீதான். அதை நம்பித்தான் அவள் வருடாவருடம் உனக்கென்று தனிச் சட்டி வைத்தாள். நீ போன பிறகுதான் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் வெட்கத்தையும் தரட்டும். சளிக்கு இஞ்சி போட்டுக் குடி, தலையை ஈரத்தோடு விடாதே. கமலேஸ்வரியின் நம்பரை வாட்ஸப்பில் மூன்று தடவை அனுப்பிவிட்டேன், நீ பார்த்துவிட்டாய் என்பதும் எனக்குத் தெரிகிறது.

உன் பொய்க்கார உம்மா,
நஜ்முன் நிஸா

கொட்டியது நான்தான் மாமி என்று அவளுக்கு எப்போது சொல்லப் போகிறாய்?