துடைப்பம் பட்ட கல்

உன் வீட்டுக்காரர் நேற்று வந்திருந்தார். களமருதூரில் உன் கருமாதிக் காரியம் முடிந்ததும் கள்ளக்குறிச்சிக்கு என் வீடு தேடி வந்து ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே உன் விளையாட்டுக் காலணிகள். ஒன்றின் அடிப்பாகம் கண்ணாடி போல வழுக்குகிறது. மற்றது ரப்பர், தரையைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டிலும் ஈரம் காய்ந்த வாசனை.

பள்ளியில் நாம் ஒரே அணியில் பூப்பந்து ஆடினோம். நான் இங்கேயே தங்கிவிட்டேன். நீ நர்ஸ் வேலைக்குக் கனடா போனாய். முதல் குளிர்காலத்தில் ஒரு வீடியோ அனுப்பினாய். பனிக்கட்டித் தரையில் ஒருத்தி, கைப்பிடி வைத்த கருங்கல்லை வழுக்கிவிடுகிறாள். நீ அந்தக் கல்லுக்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுகிறாய். தேய்த்தால் கல் இன்னும் தூரம் போகுமாம்.

"இன்னாடி, அங்க போயும் வூடு பெருக்கிக்கினு இருக்க?" என்றேன்.

"சிரிக்காத. இதுக்குப் பேரு கர்லிங்," என்றாய்.

சில வருடங்களில் உன் அணி மாகாண இறுதிப் போட்டிவரை வந்துவிட்டது. ஜெயித்தால் தேசியப் போட்டி. காலைச் சமையலை அப்படியே போட்டுவிட்டு போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடைசிக் கல் எதிர்முனையில் வரைந்த இலக்கு வட்டத்தின் நடுவை நோக்கிப் போகும்போது நீ நிமிர்ந்து கையைத் தூக்கினாய். துடைப்பம் கல்லில் பட்டுவிட்டதாம். வேறு யாரும் பார்க்கவில்லை. அந்த ஆட்டத்தில் துடைப்பம் பட்டால் தேய்த்தவரே சொல்ல வேண்டும். சொன்னாய். கல்லை எடுத்துவிட்டார்கள். தோற்றீர்கள். உன் அணித்தலைவி அதன்பிறகு உன்னோடு பேசவில்லை. அணியும் கலைந்தது.

அடுத்த முறை நீ ஊருக்கு வந்தபோது கல்வராயன் மலைக்குப் போனோம். வெள்ளிமலையில் டீ குடிக்கையில் கேட்டேன்.

"யாருமே பாக்கலியே. ஏன்டி சொன்ன?"

"பட்டுது. வாய்ல வந்துடுச்சி." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லாம வுட்டிருக்கலாமோன்னு இப்பவும் நெனைச்சிக்கினுதான் இருக்கன். அதான் எனக்குப் புடிக்கல," என்றாய்.

நான் இன்னும் இரண்டு டீ சொன்னேன்.

திரும்பிப் போனதும், புதிதாக ஆட வந்தவர்களைச் சேர்த்து ஓர் அணி கட்டினாய். இந்த முறை நீதான் தலைவி. எதிர்க்கோடியில் நின்று, எப்போது தேய்க்க வேண்டும் என்று கத்துவது உன் வேலை. பல வருடங்கள் ஆடினீர்கள். இறுதிப் போட்டிக்கு மறுபடி வரவே இல்லை. நோய் வந்து குனிய முடியாமல் போன பிறகு, நின்றபடியே நீளக் கோலால் கல்லைத் தள்ளினாய். அந்த வீடியோவிலும் உன் முகத்தில், ஆடும்போது எப்போதும் வரும் அதே கடுகடுப்பு.

நேற்று உன் வீட்டுக்காரரிடம் கேட்டேன்: "அங்க அவள யாருனா நெனைச்சிக்கினு இருக்காங்களாண்ணா?"

"அவ 'தேய், தேய்'னு தமிழ்லதான் கத்துவாம்மா. கூட ஆடுனவங்க அதைப் புடிச்சிக்கினாங்க. இப்ப அந்த கிளப்புல சின்னப் பொண்ணுங்ககூட அப்படித்தான் கத்துதுங்க, அர்த்தம் தெரியாமலே. அவகிட்ட பேசாம போச்சே அந்தப் பழைய தலைவியம்மா, அதுவும்தான் கத்துது."

அவருக்குக் காபி போட உள்ளே போனேன். பால் காயும்வரை அடுப்பருகே நின்று அந்தச் சொல்லை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். உன் குரலில்தான் வந்தது. அது என்னிடம் இருக்கிறது.