தலையாட்டிய ஒரே மாணவன்

உன் ஹெட்ஃபோனின் பஞ்சு உதிர்கிறது. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் காதோரம் ஒட்டியிருக்கும் கறுப்புத் துணுக்குகளை ஈரத்துணியால் துடைக்கிறேன். புதிது வாங்கலாம். வாங்கவில்லை.

நீ போன பதினாறாம் நாள், காரியம் முடிந்து கிளம்பும்போது உன் தங்கை இதைக் கையில் கொடுத்தாள். "ஆஸ்பத்திரில இருக்கும்போதே அக்கா சொல்லிட்டாங்க. நீங்க நல்லா பாப்பீங்களாம். கேக்குறதுக்குத்தான் இது வேணுமாம்." அவள் அதை அப்படியே ஒப்பித்தாள். எனக்குப் புரிந்தது.

நோய்த்தொற்றுக் காலத்தில் வகுப்புகள் திரைக்குப் போனபோது நீ பல்கலைக்கழகத்தில் பகுதிநேர விரிவுரையாளர். பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் வேலை. நாற்பத்திரண்டு மாணவர்கள், நாற்பத்தொரு கறுப்புக் கட்டங்கள். பெயர் சொல்லிக் கேள்வி கேட்டாய். சிறு குழுக்களாகப் பிரித்தாய். உள்ளே போய்ப் பார்த்தால் அங்கும் யாரும் பேசவில்லை. மேசையில் இருக்கும் பொருள் ஒன்றைக் காட்டச் சொன்னாய். ஒருத்தி ஒரு விநாடி கேமராவைத் திறந்து, மின்விசிறி ரிமோட்டைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டாள்.

கடைகளில் உட்கார்ந்து சாப்பிட மறுபடி அனுமதித்த வாரம், தேக்கா உணவுக்கடையில் தே தாரிக் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, நீ சொன்னாய்: "ஒரு பையன் மட்டும் கேமராவ மூடுறதே இல்லடி. நான் சொல்லச் சொல்லத் தலையாட்டுறான். அவனப் பாத்துத்தான் பாடமே நடத்துறேன்."

"வாயத் தொறந்து எதாச்சும் சொன்னானா?"

"மைக் ரிப்பேராம். உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம் லா."

அடுத்த வகுப்புக்கு சிராங்கூனில் உன் வீட்டுக்கு வந்து, கேமராவில் படாமல் உனக்குப் பின்னால் உட்கார்ந்தேன். செய்தியாளர் தொழில் பழக்கம், கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் தலையாட்டினான், கண்ணாடியை ஏற்றிவிட்டான், குவளையை எடுத்தான். பின்னால் திரைச்சீலை அசைந்தது. தொண்ணூறு விநாடி கழித்து அதே வரிசை. மூன்று முறை சரிபார்த்தேன். தன்னையே பதிவு செய்து, அதைக் கேமராவுக்குப் பதிலாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தான். நீ அந்தப் பதிவைப் பார்த்து, புரிகிறதா என்று கேட்டாய். அது தலையாட்டியது. உனக்கு முகமெல்லாம் சிரிப்பு.

உன்னிடம் சொல்லவில்லை. எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாளிதழில் வெளிவந்தது. 'ஒரு விரிவுரையாளர்' என்றுதான் போட்டிருந்தேன். யாருக்கும் தீங்கில்லை என்று செய்தி ஆசிரியரிடமும் சொன்னேன். அந்த மாணவனைப் பற்றித் துறையில் எல்லாரிடமும் நீ பெருமையடித்துக்கொண்டது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். நல்ல கதை அது.

மறுநாள் நீயே அழைத்தாய். "நல்லா எழுதியிருக்கடி. கண்ணாடி, குவளை எல்லாம் கரெக்ட். ஒரு தப்புகூட இல்ல."

"பேர் போடலியே..."

"பின்னாலதான உக்காந்திருந்த? தோளத் தட்டியிருக்கலாம்."

வைத்துவிட்டாய். அதன் பிறகு என் அழைப்புகளை நீ எடுக்கவில்லை.

மிச்சத்தை உன் தங்கை சொன்னாள். அதற்கடுத்த வகுப்பில் நாற்பத்திரண்டு கேமராக்களும் திறந்திருந்தனவாம். பருவம் முழுதும் நீ கெஞ்சியும் வராத முகங்கள், உன் முகம் எப்படியிருக்கிறது என்று பார்க்க வந்திருந்தன. நீ அன்றைய பாடத்தை முழுதாக நடத்தி முடித்தாயாம். அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் வரவில்லை.

நான் ஓய்வு பெற்று, இப்போது செய்தி எழுதக் கற்றுத்தருகிறேன். திரையில்தான், பகுதிநேரம்தான். இருபத்தொன்பது கறுப்புக் கட்டங்கள். ஒருத்தி மட்டும் முகம் காட்டுகிறாள். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டுகிறாள். மைக் வேலை செய்யவில்லையாம்.

அவளைப் பார்த்துத்தான் பாடம் நடத்துகிறேன். மேசைக் கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். திரையின் மூலையில் நேரம் காட்டும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறேன்.