ஊர்ப் பெயர் மட்டும் மாற்றவும்

ஆற்றங்கரைக் குடிநீர் நிலையம்
மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீ சுகமா என்று கேட்கவே தேவையில்லை. வெளியுறவுத் துறைப் பேச்சாளர் வாசிக்கிற அறிக்கையைத்தான் தினமும் ரேடியோவில் கேட்கிறோமே. மூச்சு விட இடம் இல்லாத நீள வாக்கியம் வந்தால் உன் கைவேலை என்று தெரிந்துகொள்வேன்.

போன் டவர் விழுந்ததிலிருந்து கடிதம் ஒன்றுதான் வழி. எங்கள் நிவாரண அமைப்பின் வண்டி எல்லைக்குப் போகும்போது டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் மறதிக்காரர். இது உனக்குக் கிடைத்தால் அவருக்கு நல்ல நாள் என்று வைத்துக்கொள்.

என் வேலை எப்போதும் போலத்தான். ஆற்றிலிருந்து தண்ணீரை இழுத்து, வடிகட்டி, நகரத்துக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். பெரிய மருத்துவமனைக்கும் இங்கிருந்துதான் போகிறது. அக்கரையில் இருக்கிற ராணுவம் அடிக்கடி இக்கரைக்குச் சுடுகிறது. அவர்கள் நம் நாட்டின் நெருங்கிய நண்பர்கள், சுடுகிற பீரங்கியும் நாம் கொடுத்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் கடையில் எந்த நாடு என்று யாராவது கேட்டால், சில்லறை தேடுகிற மாதிரி பையைக் குடைய ஆரம்பித்துவிடுகிறேன்.

நேற்று ரேடியோவில் உன் அறிக்கை வந்தது. "இரு தரப்பினரும் நிதானம் காக்க வேண்டும்." எங்கள் பம்ப் ஆபரேட்டர் ஒரு மாதிரியான ஆள். எண்ணெய்க் கையோடு நின்று முழுதும் கேட்டுவிட்டு, "ஏம்மா, ரெண்டு தரப்புங்கறாங்களே, அதுல ஒரு தரப்பு நம்ம பம்பா? நான் வேணா இதை நிதானமா இருக்கச் சொல்லட்டுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே சுருக்கென்றது.

அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? ராணுவத்தில் இருந்தவன் என்று சொல்லிக்கொண்டு படிக்கட்டில் வேகமாக ஏற வேண்டாம் என்று சொல்.

உன் தங்கை,
வாலு

*

தலைநகர்
மார்ச் 16

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்தது. டிரைவருக்கு நல்ல நாள்தான்.

உன் ஆபரேட்டர் நகைச்சுவையாகப் பேசுகிறார். அவருக்குச் சிரிப்பு வரும். என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் தெரியும். ஒரு பெரிய நாடு வாய் திறந்தால் ஆயிரம் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நண்பனிடம் ஒரு மாதிரி, வேண்டாதவனிடம் ஒரு மாதிரிதான் பேச முடியும். வீட்டில் நாம் அப்படிப் பேசுவதில்லையா? சித்தப்பா பையன் கண்ணாடியை உடைத்தால் "சின்னப் பையன்தானே" என்பார்கள். பக்கத்து வீட்டுப் பையன் உடைத்தால் பஞ்சாயத்து.

என் வேலையைப் பற்றி நீ பெரிதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். எப்போதோ ஒரு தடவை தவிர, எங்கள் பிரிவில் யாரும் புதிதாக அறிக்கை எழுதுவதில்லை. மேலிடம் ஒப்புக்கொண்ட பழைய அறிக்கைகள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் "ஊர்ப் பெயர் மட்டும் மாற்றவும்" என்று சிவப்பில் போட்டிருக்கும். நண்பன் சுட்டால் "வருந்துகிறோம்" வகை. வேண்டாதவன் சுட்டால் "கண்டிக்கிறோம்" வகை. எடுத்து, ஊரையும் தேதியையும் மாற்றி, இயக்குநர் மேடத்திடம் கொடுப்போம். வாசகம் ஏற்கெனவே ஒப்புதல் ஆனது என்பதால் அதை யாரும் மறுபடி படிப்பதில்லை. ஊர்ப் பெயரில் பிழை இருக்கிறதா என்று மட்டும் மேடம் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

நான் நாட்டை நேசிக்கிறவன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் சித்தப்பா மாதிரி இல்லை. அவர் வீட்டு வாசலில் ஆளுயரத்துக்குக் கொடி கட்டியிருக்கிறார். தெருவில் குப்பை வண்டி வரவில்லை என்று யாராவது சொன்னால்கூட, "நாட்டைக் குறை சொல்றவன் வேற நாட்டுக்குப் போ" என்கிறார். நீ எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்பவர்களிடம் "எதிரிக்குத் தண்ணி ஊத்தப் போயிருக்கா" என்று சொல்லியிருக்கிறார். அப்பா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

போதும், திரும்பி வா. அப்பா வாயால் சொல்ல மாட்டார். உன் அறையைத் தினமும் கூட்டுகிறார்.

அன்புடன்,
அண்ணன்

*

ஆற்றங்கரைக் குடிநீர் நிலையம்
ஏப்ரல் 2

அண்ணா,

பம்ப் அறை மேல் குண்டு விழுந்துவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, முதலில் அதைப் படித்துக்கொள். ஆபரேட்டருக்குக் காலில் பலத்த அடி. மருத்துவமனையில் இருக்கிறார். ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆனால் கை கழுவத் தண்ணீர் இல்லாததால் டாக்டர்கள் எல்லா ஆபரேஷனையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏற்றி அனுப்புகிறவருக்கே தண்ணீர் இல்லை. படுத்தபடியே, "பெரிய மோட்டாரைத் தொடாதீங்க, நான் வந்து பாக்கறேன்" என்று சொல்லி அனுப்புகிறார்.

பழுது பார்க்க எங்களால் முடியும். குழாய் இருக்கிறது, ஆள் இருக்கிறது. சுடுவதைச் சில நாட்கள் நிறுத்தினால் போதும். நாங்கள் வெள்ளைக் கொடியோடு உள்ளே போனால் அக்கரையிலிருந்து மறுபடி சுடுகிறார்கள். அவர்கள் எங்கள் அமைப்பின் பேச்சைக் கேட்க மாட்டார்கள். நம் நாடு சொன்னால் மட்டும் கேட்பார்கள்.

நேற்றும் ரேடியோ வைத்தோம். "வருந்துகிறோம்" என்று வந்தது. ஆபரேட்டரின் மனைவி பக்கத்தில் இருந்தார். எழுந்து போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அண்ணா, சென்ற வருடம் நமக்கு வேண்டாத நாடு இதே மாதிரி வேறொரு ஊரில் குடிநீர் நிலையத்தைத் தாக்கியபோது ஒரு அறிக்கை வந்ததே, அது நீயே சொந்தமாக எழுதியது. வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாய். "குடிநீரைத் தாக்குவது மக்களைத் தாக்குவது. இதற்கு எந்தச் சாக்கும் செல்லாது. தாக்கியவர் யாராக இருந்தாலும், நிறுத்தும்வரை எங்கள் நாட்டிலிருந்து அவருக்கு ஒரு திருகாணிகூடப் போகாது." அப்பா எழுந்து நின்றார். எனக்கு என் நாட்டை நினைத்துக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் நான் இந்த வேலைக்கே கிளம்பி வந்தேன்.

அந்த அறிக்கை உன் கம்ப்யூட்டரில் இருக்கும்தானே? ஊர்ப் பெயரை மட்டும் மாற்று.

வாலு

*

தலைநகர்
ஏப்ரல் 14

அன்புள்ள வாலு,

மாற்றிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபம்தான் வந்தது. அரசாங்கம் என்ன உன் அண்ணன் வீட்டுக் கடையா என்று பதில் எழுதத் தொடங்கினேன். அப்புறம் அந்தப் பழைய அறிக்கையைத் திறந்து பார்த்தேன். "யாராக இருந்தாலும்" என்று நான்தான் எழுதியிருக்கிறேன். எதிரிக்கு நாம் எப்போது திருகாணி அனுப்பினோம், அன்றைக்கு அதை நிறுத்துவதற்கு? சும்மா கிடைத்த வீரம் அது. அதற்கு எனக்குப் பாராட்டும் கிடைத்தது. வெட்கமாக இருந்தது, வாலு.

உன் ஊர்ப் பெயரைப் போட்டு, தேதியை மாற்றி, மேடத்தின் மேஜையில் வைத்தேன். தடுப்பார் என்றுதான் நினைத்தேன். வழக்கம் போலக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்தார். "ஒற்று சரியா இருக்கா?" என்றார். சரியாக இருக்கிறது என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். மத்தியானம் பேச்சாளர் டிவியில் வாசித்தார். வாசித்து முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

ஒரு நிருபர் எழுந்து, "அப்ப அக்கரைக்கு இனி ஆயுதம் போகாதா?" என்று கேட்டார். பேச்சாளர் பாவம், என்ன செய்வார்? போகும் என்றால் சென்ற வருடம் சொன்னது பொய்யாகிவிடும். "குடிநீர் விஷயத்துல நம்ம கொள்கை எப்பவும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டார். துறைமுகத்தில் அக்கரைக்குக் கிளம்பவிருந்த கப்பலை அதிகாரி நிறுத்திவிட்டார். போனில் திட்டினால், "அரசாங்கம் சொன்னதைத்தான் சார் செஞ்சேன்" என்கிறாராம்.

இப்போது என்னை ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். தவறான கோப்பை எடுத்துவிட்டேன், கவனக்குறைவு என்று. போட்டால் கண்டிப்போடு விட்டுவிடுவார்கள், அறிக்கையைத் திரும்பப் பெறுவார்கள், கப்பல் கிளம்பும். போடாவிட்டால் வேலை போகும். திங்கட்கிழமைவரை அவகாசம். தாளைக் கொண்டுவந்து நீட்டியவரும் மேடம்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சித்தப்பா வீட்டுக்கே வந்து, "தேசத்துரோகி" என்று கத்தினார். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நாடு ஒரு வார்த்தை சொல்லிருக்கு. அதைக் காப்பாத்தறவன் துரோகியா, வாபஸ் வாங்கச் சொல்றவன் துரோகியா? வெளிய போய் யோசிச்சுட்டு வா" என்றார். பிறகு பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். முடிவு என்னுடையது என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

சுடுவது நின்றதா?

அண்ணன்

*

ஆற்றங்கரைக் குடிநீர் நிலையம்
ஏப்ரல் 17

அண்ணா,

நின்றுவிட்டது! வண்டி கிளம்புகிறது, அவசரமாக எழுதுகிறேன். உள்ளே போய்விட்டோம். குழாயைப் பாதிவரை இணைத்தாயிற்று. வால்வு வர வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் அமைதி கிடைத்தால் முடித்துவிடுவோம்.

கையெழுத்துப் போடாதே என்று சொல்ல ஆசை. சொல்ல மாட்டேன். போகப்போவது உன் வேலை. ஒரு தடவை கேட்டேன், நீ செய்துவிட்டாய். நீ எது செய்தாலும் எனக்கு நீதான் அண்ணன், அதில் மாற்றமில்லை.

வாலு

*

தலைநகர்
ஏப்ரல் 26

அன்புள்ள வாலுவுக்கு,

எனக்கு வேலை போய்விட்டது. நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன். எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை பெரிய அறையில் உட்கார வைத்தார்கள். செயலாளர், பேச்சாளர், மேடம், எனக்குப் பெயர் தெரியாத சிலர். செயலாளர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "தம்பி, நாட்டு நலனுக்காகத்தான் கேக்கறோம். ஒரு தப்பு நடந்துபோச்சுன்னு எழுதிக் குடுங்க."

"எழுதறேன் சார். எந்த அறிக்கை தப்புன்னு எழுதட்டும்? போன வருஷத்துதா, இந்த வருஷத்துதா? ரெண்டுலயும் வாசகம் ஒண்ணுதான்" என்றேன்.

தாளை அவர் பக்கமே தள்ளி வைத்தேன்.

அவர்கள் விட்டுவிடவில்லை. சரிபார்த்தவர் கையெழுத்துப் போட்டாலும் போதும் என்றார்கள். வாசகத்தைப் படிக்காமல் விட்டுவிட்டேன் என்று மேடம் எழுதிக் கொடுத்தால் அறிக்கை செல்லாது. அவருக்கு ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் பாக்கி. வழக்கமும் அவருக்குச் சாதகம். ஊர்ப் பெயரை மட்டும்தான் பார்ப்பார் என்பது கட்டடம் முழுக்கத் தெரியும். பேனாவை எடுத்தார். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

பேனாவை மூடி பைக்குள் போட்டுக்கொண்டார். "நான் படிக்காம விட்டேன்னு எப்படி எழுதறது? ஒரு வரி விடாமப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

ஒற்று சரியா என்று கேட்டுக்கொண்டே முழுவதும் படித்திருக்கிறார், வாலு. அப்படியிருந்தும் அந்தத் தாளை என்னிடம் நீட்டினாரே என்று கோபம் வந்தது. லிஃப்டில் இறங்கும்போது கேட்டேவிட்டேன். "பயம்தான் தம்பி. நீங்க போட்டுட்டா நான் தப்பிச்சுடுவேன்னு பார்த்தேன். நீங்க போடலை. அப்புறம் எனக்கு என்ன மரியாதை?" என்றார். அந்த மனுஷியை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தப்பு என்று சொல்ல ஆள் இல்லாததால் அறிக்கை அப்படியே நிற்கிறது. கப்பலும் நிற்கிறது.

தண்ணீர் வந்ததா? அதை மட்டும் எழுது.

அண்ணன்

*

ஆற்றங்கரைக் குடிநீர் நிலையம்
மே 20

என் அருமை அண்ணாவுக்கு,

வந்துவிட்டது. நகரம் முழுக்க வந்துவிட்டது. ஆபரேட்டருக்கு ஆபரேஷன் முடிந்து, ஊன்றுகோலோடு வந்து என் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கிறார். பெரிய மோட்டாரை நான் தொட்டதை அவர் மன்னிக்கவே இல்லை.

இனிமேல்தான் விஷயம். நேற்று நம் நாட்டுத் தூதர் கேமராக்காரர்களோடு இங்கே வந்தார். பம்ப் அறைச் சுவரில் பளபளவென்று ஒரு பலகை மாட்டினார்கள். நம் நாட்டின் உறுதியான கொள்கையால் இந்த நகரத்துக்குத் தண்ணீர் கிடைத்ததாம். கொடி பெரிதாக, எழுத்து அதைவிடப் பெரிதாக. உன்னை வீட்டுக்கு அனுப்பிய கையின் ஈரம் காய்வதற்குள் பெருமையை எடுத்துக்கொள்ள வந்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தூதர் பேசினார். சுதந்திரம், மனிதாபிமானம், நட்பு. பேச்சு எந்தக் கோப்பிலிருந்து வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஜனங்கள் குடத்தோடு நின்று பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் நன்றி சொல்ல என்னை அழைத்தார்கள். அந்த நாட்டுப் பெண்ணே நன்றி சொன்னால் டிவியில் நன்றாக இருக்கும் அல்லவா? ஒரு தாளையும் கையில் கொடுத்தார்கள். மடித்து வைத்துக்கொண்டேன்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு.

"நன்றி சொல்லச் சொல்லிருக்காங்க, சொல்றேன். சுடறதை நிறுத்துன அந்த அறிக்கையை எழுதினது எங்க அண்ணன். படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டது அவரோட மேலதிகாரி அம்மா. ரெண்டு பேருக்கும் அதுக்காகவே வேலை போச்சு. இத்தனை நாளா நான் எந்த நாட்டுக்காரின்னு உங்ககிட்ட சொல்ல வெட்கப்பட்டேன். இப்ப சொல்றேன். அவங்க ரெண்டு பேரும் எந்த நாடோ, நானும் அந்த நாடுதான்."

ஆபரேட்டரின் மனைவிதான் முதலில் கை தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். தூதரும் தட்டினார், அண்ணா. வேறு என்ன செய்வார், கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

உன் தங்கை,
வாலு